நிமோனியாவுக்குப் பிறகு தைராய்டும் குறைவு, டெஸ்டோஸ்டிரோனும் குறைவு: மாத்திரையும் ஊசியும் தேவையா, டாக்டர்?

வாசகருக்கு 39 வயது. ஐந்து வருடமாக முடக்குவாதம், அதாவது ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தினமும் சல்பாசலசைன் சாப்பிடுகிறார். இரண்டு வருடமாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 7.5 மில்லிகிராமும் உண்டு. சென்ற மாதம் நிமோனியா வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். நான்காம் நாள் எடுத்த ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன்களில் டி3 குறைவு, டி4 சரியான அளவு, தைராய்டுக்குப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவான டிஎஸ்எச் 0.3, டெஸ்டோஸ்டிரோன் 168. வீடு திரும்பிய மூன்றாவது வாரம் இன்னொரு இடத்தில் பரிசோதித்தபோது டிஎஸ்எச் 9 ஆகியிருக்கிறது. மாலை நான்கு மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 240. கூடவே ஒரு 'பேக்கேஜ்' பரிசோதனையில் இன்டர்லியூக்கின்-6 என்ற சைட்டோகைன் (எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் செய்திப் புரதம்) 34 என்று வந்திருக்கிறது. 7-க்குள் இருக்க வேண்டுமாம்.

அங்கே அவரிடம் சொன்னது இது: "உங்கள் எதிர்ப்பு சக்தி ஹார்மோன் சுரப்பிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆயுள் முழுக்க தைராய்டு மாத்திரை, மாதாமாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, எதிர்ப்பு சக்திக்கு ஒரு பொடி." இவரும் மனைவியும் இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதமாக முயன்று வருகிறார்கள். மனைவிக்கு 36 வயது. "எல்லாக் கெடுதலுக்கும் ஸ்டீராய்டுதான் காரணம் என்று படித்தேன். அடுத்த வாரம் அதை நிறுத்திவிட்டு தைராய்டு மாத்திரையை ஆரம்பிக்கப் போகிறேன். சரிதானே?" என்று கேட்டு முடிக்கிறார்.

வணக்கம். நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரிதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. அந்த இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடாதீர்கள். உங்கள் நிலையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் பிரெட்னிசலோன்

உடல் தனக்கான கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அட்ரினல் சுரப்பியில் தானே செய்துகொள்ளும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன்தான் அதற்கான உத்தரவு. பிரெட்னிசலோன் அந்தக் கார்ட்டிசாலுக்கு மாற்று. இரண்டு வருடமாக வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிடும், அட்ரினலும் சுருங்கிச் சோம்பிப் போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், மயக்கம் வரும். அட்ரினல் நெருக்கடி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதன் மேல் தைராக்சின், அதாவது தைராய்டு மாத்திரை, சேர்ந்தால் இன்னும் மோசம். உடலில் இருக்கும் கார்ட்டிசால் கழியும் வேகத்தைத் தைராக்சின் கூட்டும். கார்ட்டிசால் பற்றாக்குறை இருப்பவருக்கு அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால், அதுவே நெருக்கடியைக் கிளப்பிவிடலாம். அதனால்தான் அட்ரினலில் சந்தேகம் இருந்தால் அதை முதலில் பார்த்த பிறகே தைராய்டுக்குப் போவோம். உங்களுக்கு மாத்திரை எழுதியவரிடம் பிரெட்னிசலோன் சாப்பிடுவதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டைக் குறைக்கவே கூடாதா? தாராளமாகக் குறைக்கலாம், குறைப்பதுதான் நல்லது. ஆனால் மூட்டு அமைதியாக இருக்கும்போது, உங்கள் ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு நோய் நிபுணர்) சொல்லும் கணக்கில், மெதுவாக. 5 மில்லிகிராம் வரை வருவது பெரும்பாலும் சுலபம். அதற்குக் கீழே மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் என்பது போல நிதானமாகத்தான் இறங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் கார்ட்டிசால் பரிசோதிப்பார்கள். முந்தைய நாள் காலைக்குப் பிறகு பிரெட்னிசலோன் எடுக்காமல், அன்றைய மாத்திரைக்கு முன்பாக ரத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கருவி பிரெட்னிசலோனையே கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். மதிப்பு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது எனலாம். 5-க்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடர வேண்டும்.

இன்னொன்று. மறுபடி காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் பிரெட்னிசலோன் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு என்பது பரவலான வழக்கம். உங்களுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 'இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்' என்ற சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

சைட்டோகைன்கள் என்ன செய்கின்றன?

'எதிர்ப்பு சக்தி சுரப்பிகளைத் தின்கிறது' என்று உங்களிடம் சொன்னதில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். ஒன்று, எதிர்ப்பணுக்கள் ஒரு சுரப்பியைத் தவறுதலாகத் தாக்கிச் சிதைப்பது. ஹாஷிமோட்டோ தைராய்டு நோய் அப்படிப்பட்டது. இன்னொன்று, சண்டை நடக்கும்போது எதிர்ப்பணுக்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள், அதாவது சைட்டோகைன்கள், ஹார்மோன் அளவுகளைக் கூட்டிக் குறைப்பது. இரண்டாவதில் சுரப்பிக்கு எந்தச் சேதமும் இல்லை. உத்தரவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ரிப்போர்ட்டில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கார்ட்டிசால்தான். நிமோனியா கிருமியைக் கண்டதும் நுரையீரலில் இருக்கும் அணுக்கள் இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, டிஎன்எஃப் ஆகிய சைட்டோகைன்களை வெளியிடும். இவை ரத்தத்தோடு போய் மூளையின் ஹைப்போதலாமஸைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து பிட்யூட்டரிக்கு, பிட்யூட்டரியிலிருந்து அட்ரினலுக்கு உத்தரவு போய், கார்ட்டிசால் ஏறும். ஏறிய கார்ட்டிசால் திரும்பி வந்து அந்த சைட்டோகைன்களின் உற்பத்தியையே அடக்கும். தீயை மூட்டியவரே தண்ணீரையும் வரவழைக்கிறார். எதிர்ப்பு மண்டலத்துக்கும் ஹார்மோன் மண்டலத்துக்கும் இப்படி ஒரு நேரடிப் பேச்சு உண்டு என்பதை ஹ்யூகோ பெசடோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் 1986இல் எலிகளில் காட்டினார்கள். இன்டர்லியூக்கின்-1 கொடுத்ததும் ஏசிடிஎச்சும் அட்ரினல் ஹார்மோனும் எகிறின.

முடக்குவாதத்தில் இதை நீங்களே தினமும் அனுபவிக்கிறீர்கள். விரல்கள் காலையில்தானே அதிகம் இறுகிக் கிடக்கின்றன? இன்டர்லியூக்கின்-6 பின்னிரவில் ஏறி அதிகாலையில் உச்சத்தில் இருக்கும். விடியும்போது எழும் உங்கள் சொந்தக் கார்ட்டிசால் அதை அடக்கப் போதவில்லை. பகல் ஏற ஏற விரல் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்குகிறது. இரவு படுக்கும்போது விழுங்கினால் அதிகாலை இரண்டு மணி வாக்கில் கரையும்படி ஒரு பிரெட்னிசோன் மாத்திரையையே இந்தக் கணக்கை வைத்துத் தயாரித்திருக்கிறார்கள்.

ஸ்டீராய்டை வில்லனாகப் பார்ப்பதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச்சின் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலில் கொடுத்தது முடக்குவாத நோயாளிக்குத்தான். எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர் சில நாளில் நடந்தார். 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. பிறகுதான் அளவுக்கு மீறிக் கொடுத்ததன் விளைவுகள் தெரியவந்தன. எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, முகம் உப்புவது எல்லாம் உண்மை. நீண்ட நாள் சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோனும் ஓரளவு குறையும். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அத்தனை எண்ணுக்கும் அதன் மேல் பழி போட முடியாது.

தைராய்டு: இப்போது வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியிடும். அதைச் சுறுசுறுப்பான டி3 ஆக மாற்றுவது கல்லீரல் போன்ற உறுப்புகளில் இருக்கும் என்சைம்கள். கடும் நோயில் சைட்டோகைன்கள் அந்த மாற்றத்தைத் தடுத்து, டி4-ஐ வேலைக்கு உதவாத ரிவர்ஸ் டி3 பக்கம் திருப்பிவிடும். மூளையும் டிஎஸ்எச்சைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்ற செலவையெல்லாம் ஒத்திப்போடுவோமே, அப்படித்தான் இதுவும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆஸ்பத்திரியில் அதிக அளவு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதுவும் டிஎஸ்எச்சையும் டி3-ஐயும் இன்னும் தாழ்த்தும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பாருங்கள். இந்த நிலையில் தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா என்று தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1986இல் வெளியான ஓர் ஆய்வில் தைராக்சின் கொடுத்தும் எந்தப் பலனும் தெரியவில்லை.

அப்படியானால் மூன்றாம் வாரம் டிஎஸ்எச் 9 ஆனது ஏன்? உடல் தேறும்போது பிட்யூட்டரி விட்டதைப் பிடிக்க ஓடும். அப்போது டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும், சிலருக்கு 20 வரைகூடப் போகும். 0.3-இலிருந்து 9-க்குப் போனது இந்தத் தேறும் பாதையோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆயுள் முழுக்க மாத்திரை என்று இந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வது அவசரம்.

அதே சமயம் 'ஒன்றுமே இல்லை' என்றும் நான் சொல்ல மாட்டேன். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஹாஷிமோட்டோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே முழுதாகக் குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4, ஹாஷிமோட்டோவைக் காட்டிக்கொடுக்கும் டிபிஓ எதிர்ப்புப் புரதம் மூன்றையும் பாருங்கள். டிஎஸ்எச் அப்போதும் 10-ஐத் தாண்டி நின்றாலோ, டி4 இறங்கியிருந்தாலோ மாத்திரை தேவைதான், நானே எழுதிக் கொடுப்பேன். டிஎஸ்எச் 4.5-க்கும் 10-க்கும் இடையில் இருந்து டிபிஓவும் பாசிட்டிவ் என்றால் பேசி முடிவெடுக்கலாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது எடுத்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில பரிசோதனைக் கருவிகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி

இங்கே நான் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. கடுமையான நோயில் படுத்திருக்கும் எந்த ஆணுக்கும் டெஸ்டோஸ்டிரோன் விழும். சைட்டோகைன்கள் மூளையிலிருந்து வரும் உத்தரவையும் குறைக்கும், விரையில் உற்பத்தி செய்யும் அணுக்களையும் மந்தமாக்கும். அதனால்தான் உடம்பு சரியில்லாத நேரத்தில் இந்தப் பரிசோதனையே செய்யக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நான்காம் நாள் வந்த 168-ஐ மறந்துவிடுங்கள். 240? அது மாலை நான்கு மணிக்கு எடுத்தது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழும் ஹார்மோன். காலை ஏழு முதல் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்து இரண்டும் குறைவாக இருந்தால் மட்டுமே அது குறைவு. அப்போதும் எல்எச், புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்த்துக் காரணம் தெரிந்த பிறகுதான் சிகிச்சை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்று அங்கே சொன்னீர்களா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் பிட்யூட்டரி, விரைக்கு அனுப்பும் உத்தரவுகளான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பிரெட்னிசலோனும் அட்ரினலும் பற்றி மேலே சொன்ன அதே கதைதான், இடம் மட்டும் வேறு. ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆண்கள் வாராவாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். ஆனால் அதற்குச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். குழந்தை வேண்டும் என்றிருக்கும் ஆணுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது. உண்மையிலேயே குறைவு இருந்தாலும் விந்தணுவைக் கெடுக்காத வேறு மருந்துகள் உண்டு.

இன்டர்லியூக்கின்-6, அப்புறம் அந்தப் பொடி

நிமோனியா முடிந்து மூன்று வாரம், அதோடு முடக்குவாதம் வேறு. 34 என்று வந்ததில் ஆச்சரியமே இல்லை. இந்த எண் நேரத்துக்கு நேரம் மாறும், ரத்தத்தை எடுத்து எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். நன்றாக உடற்பயிற்சி செய்தால் தசையே இன்டர்லியூக்கின்-6-ஐ வெளியிடும். அதனால் அதைக் 'கெட்ட புரதம்' என்றும் சொல்ல முடியாது. மாதாமாதம் பார்க்கத் தேவையில்லை. கல்லீரல் இதே இன்டர்லியூக்கின்-6-இன் பேச்சைக் கேட்டுத்தான் சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தைச் செய்கிறது. ஆகவே உங்கள் மருத்துவர் வழக்கமாகப் பார்க்கும் சிஆர்பியே போதும்.

பொடியைப் பொறுத்தவரை, முடக்குவாதத்தில் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலும் குரல் எதற்கு? மூட்டு வலிக்கென்று விற்கும் இப்படிப்பட்ட பொருட்கள் சிலவற்றில் லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. ஸ்டீராய்டைக் கண்டு பயப்படும் நீங்கள், அளவே தெரியாமல் அதையே விழுங்கும் நிலைக்கு ஆளாக வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று

மூட்டு நோயைக் கட்டுக்குள் வைப்பதே உங்கள் ஹார்மோன்களுக்கும் பெரிய உதவி. வீக்கம் அடங்கினால் சைட்டோகைன் இரைச்சலும் அடங்கும். அதற்கான மருந்தை எந்த மன வருத்தத்திலும் நிறுத்தாதீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒன்றைப் பற்றி உங்கள் ரூமட்டாலஜிஸ்டிடம் பேச வேண்டும். ஸ்டீராய்டைச் சந்தேகப்பட்ட நீங்கள் சல்பாசலசைனைச் சந்தேகிக்கவே இல்லை. அது பல ஆண்களுக்கு விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும். நிரந்தரமாக இல்லை. நிறுத்தி அல்லது வேறு மருந்துக்கு மாறி இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். எட்டு மாதம் தள்ளிப்போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். சல்பாசலசைன் சாப்பிட்டபடியே தந்தையானவர்களும் நிறைய.

ஆகவே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இப்போதே வேண்டாம். கடும் காய்ச்சலும் விந்தணுவைக் குறைக்கும், ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் உங்கள் உண்மை நிலை தெரியும். குறைவாக வந்தால் மருந்தை மாற்றலாமா என்று அப்போது கேளுங்கள். மனைவியின் பரிசோதனைகளை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் பார்க்கச் சொல்வதுதான் வழக்கம், நீங்கள் எட்டு மாதம் ஆகிவிட்டீர்கள். அவர் இந்த மாதமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும்.